லெக் பிரேக்: முதலில் சுழற்றுங்கள், குறி பிறகு வரும்

மணிக்கட்டைத் திருகிப் பந்தைச் சுழற்றும் லெக் ஸ்பின்னைக் கற்க வருபவரிடம் முதல் நாளே "ஸ்டம்பைப் பார்த்துப் போடு" என்று சொல்லிவிடுகிறார்கள். பாதிப் பேர் அங்கேயே கெட்டுப்போகிறார்கள். ஸ்டம்பில் பட வேண்டுமே என்ற கவலை வந்ததும் மணிக்கட்டு இறுகிவிடும். பந்து விரல்களில் உருண்டு, நேராகப் போய் விழும். ஒரு வருடம் அப்படிப் பழகியவரிடம் "இனிமேல் நன்றாகச் சுழற்று" என்றால் கை கேட்காது. மாறாக, முதல் சில மாதங்கள் பந்து வலைக்கு மேலே போனாலும் பரவாயில்லை என்று முழு பலத்தோடு சுழற்றியவருக்கு, குறியைப் பின்னால் திருத்திக்கொடுக்கலாம். சுழற்சியைப் பின்னால் சேர்ப்பது மிகக் கடினம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

இங்கே சொல்வதெல்லாம் வலக்கைப் பந்துவீச்சாளர் வலக்கை பேட்ஸ்மேனுக்குப் போடுவதாக வைத்து. லெக் பிரேக் என்பது தரைபட்டதும் அவருடைய லெக் (கால்) பக்கத்திலிருந்து ஆஃப் (மட்டை) பக்கத்துக்குத் திரும்பும் பந்து. இடக்கைக்காரர்கள் இடம், வலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பிடி

ஆண்கள் கிரிக்கெட்டின் பந்து 155.9 முதல் 163 கிராம் வரை எடை, சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர். பெண்களுடையது 140 முதல் 151 கிராம். 13 வயதுக்கு உட்பட்டவர்களுடையது 133 முதல் 144 கிராம். சிறுவர் கையில் பெரியவர் பந்தைக் கொடுத்தால் அதை உள்ளங்கைக்குள் திணித்துத்தான் பிடிக்க முடியும். அப்படிப் பிடித்த பந்து சுழலாது. கைக்கு ஏற்ற பந்தில் தொடங்குவது முதல் வேலை.

பந்தை இடக்கையில், தையல் இடமிருந்து வலமாகக் குறுக்கே ஓடும்படி வையுங்கள். வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே மேலே அமரட்டும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு விரல் இடைவெளி போதும், அகலமாக விரிக்க வேண்டாம். மோதிர விரலை மடித்து, அதன் பக்கவாட்டுப் பகுதி தையலின் மேல் படியும்படி ஒட்டி வையுங்கள். சுண்டுவிரல் அதன் பக்கத்தில் சும்மா கிடக்கும். இரண்டு விரல் மேலே, இரண்டு விரல் கீழே. ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்ன் பிடித்ததும் இதே பிடிதான். கட்டைவிரல் எதிர்ப்பக்கத்தில் பந்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். பந்தை விடும் நேரத்தில் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தால் அது பிரேக் போட்டதற்குச் சமம். பல பேருடைய பந்து திரும்பாததற்கு இது ஒன்றே காரணமாக இருக்கும்.

பிடி சரியா என்று பார்க்க இரண்டு சோதனைகள். கையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினால் உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். இன்னொருவர் உங்கள் கையிலிருந்து பந்தை லேசாக இழுத்தால் அது வந்துவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசையே விறைத்துப்போய் மணிக்கட்டு சொடுக்காது.

மணிக்கட்டும் விரலும்

கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடித்து, மணிக்கட்டை முன்கையின் உட்பக்கம் நோக்கி மடியுங்கள். பந்து முன்கையை எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். இதுதான் ஏற்றி வைத்த வில். ஓடி வரும்போதே இந்த மடிப்பு கையில் இருக்க வேண்டும். கை மேலே வந்த பிறகு மடிக்க நேரம் கிடையாது.

பந்து வெளியேறும் கணத்தில் மணிக்கட்டு அந்த மடிப்பிலிருந்து வெடுக்கென நிமிரும். அதே நேரத்தில் மோதிர விரல் நிமிர்ந்து பந்தை வலமிருந்து இடமாகத் திருகித் தள்ளும். கதவுக் குமிழை இடப்பக்கமாகத் திருகும் அசைவு மாதிரி, ஆனால் பத்து மடங்கு வேகத்தில். கடைசியாகப் பந்தை விட்டுப் பிரிவது மோதிர விரலாக இருக்க வேண்டும். உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்கு, பந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வது தெரியும். நன்றாகச் சுழற்றிய பந்து காதருகே 'விர்' என்று ரீங்கரித்துக்கொண்டு போகும். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் லைன் (பந்து போகும் நேர்கோடு), லெங்த் (பந்து விழும் தூரம்) பற்றிப் பேசவே வேண்டாம்.

கையைச் சரியாக 12 மணிக்கு நிமிர்த்த வேண்டியதில்லை. பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத்தில் 1 மணி காட்டும் இடத்தில் கை இருப்பது பெரும்பாலான லெக் ஸ்பின்னர்களுக்கு இயல்பு. கை உயர உயர டாப் ஸ்பின்னும் (முன்னோக்கி உருளும் சுழற்சி) பவுன்ஸும் கூடும். கீழே இறங்க இறங்கப் பக்கவாட்டுச் சுழற்சி கூடும். 2 மணிக்குக் கீழே போய்விட்டால் பந்து வறட்டிபோலத் தட்டையாகப் போகும், பேட்ஸ்மேனின் கண்ணுக்கு மேலே ஏறவே ஏறாது. முழங்கை விஷயத்தில் 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்ற ஐசிசி விதி எல்லோருக்கும் உண்டு. ஆனால் லெக் பிரேக் மணிக்கட்டால் பிறப்பது. அதற்கு முழங்கையின் உதவி தேவையே இல்லை.

தையல் எங்கே பார்க்கிறது?

லெக் ஸ்பின்னில் எத்தனை வகைப் பந்து என்று கேட்டால் பெயர்களை அடுக்கத் தோன்றும். உண்மையில் இருப்பது ஒரே திருகல்தான். மணிக்கட்டு எந்தக் கோணத்தில் நின்று அதைச் செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். வலக்கையை மேலே தூக்கிப் பாருங்கள். உள்ளங்கை பேட்ஸ்மேனைப் பார்த்துக்கொண்டு, சற்றே உங்கள் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அது லெக் பிரேக். இன்னும் திருப்பி, சுண்டுவிரல் பக்கத்து விளிம்பு பேட்ஸ்மேனைப் பார்த்தால் டாப் ஸ்பின்னர். மேலும் திருப்பிப் புறங்கை முழுதும் பேட்ஸ்மேனைப் பார்த்தால் கூக்ளி, லெக் பிரேக்குக்கு எதிர்த்திசையில் திரும்பும் பந்து.

பந்தில் இது தையலின் திசையாகத் தெரியும். தையல் பாயிண்ட் பக்கம் (பேட்ஸ்மேனுக்கு நேர் பக்கவாட்டில், ஆஃப் திசை) பார்த்துச் சுழன்றால் முழுக்கப் பக்கவாட்டுச் சுழற்சி. நிறையத் திரும்பும், ஆனால் பவுன்ஸ் குறைவு. ஸ்லிப்பை (கீப்பருக்குப் பக்கத்தில் ஆஃப் திசையில் நிற்பவரை) பார்த்தால் திரும்பவும் செய்யும், சடாரென்று கீழே இறங்கவும் செய்யும், எகிறவும் செய்யும். கீப்பரை நேராகப் பார்த்தால் திரும்பாது. வேகமாக இறங்கி எகிறும். ஃபைன் லெக்கை (கீப்பருக்குப் பின்னால், லெக் திசை) பார்த்தால் கூக்ளி. கற்றுக்கொள்பவர் இலக்காக வைத்துக்கொள்ள வேண்டியது ஸ்லிப்பைப் பார்க்கும் தையல். பாயிண்டைப் பார்க்கும் பந்து வலைப்பயிற்சியில் பார்க்க அழகாக இருக்கும். நல்ல பேட்ஸ்மேன் அதைப் பின்காலில் நின்று காத்திருந்து அடிப்பார்.

இதைச் சரிபார்க்கச் செலவில்லாத வழி உண்டு. பழைய பந்தின் ஒரு பாதியில் வெள்ளை டேப் ஒட்டுங்கள், டேப்பின் ஓரம் தையலோடு பொருந்தட்டும். எதிரில் நிற்பவருக்கு இரண்டு நிறமும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் தையல் ஆடாமல் சுழல்கிறது. கலங்கலாகத் தெரிந்தால் தையல் ஆடுகிறது; விரல் பந்தின் நடுவைத் தாண்டி வழுக்குகிறது, அல்லது கட்டைவிரல் தடுக்கிறது.

ஓட்டமும் உடம்பும்

ஆறு முதல் எட்டு காலடி ஓட்டம் போதும். வார்ன் சில அடிகள் நடந்துவிட்டுத்தான் வேகம் எடுப்பார். இந்தியாவின் அனில் கும்ப்ளே துள்ளி ஏறுவார். இரண்டுமே சரி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால். உங்கள் ஓட்டத்தை அளக்க, க்ரீஸில் நின்று எதிர்த்திசையில் ஓடிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு போடுவதுபோல் போட்டுப் பாருங்கள். முன்கால் விழுந்த இடத்தைக் குறியுங்கள். பத்து முறை செய்து, அதிகம் விழுந்த இடத்தை உங்கள் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பின்னர் நோபால் போடுவதற்கு மன்னிப்பே கிடையாது.

கடைசித் துள்ளலுக்குப் பிறகு பின்கால் க்ரீஸுக்கு ஏறக்குறைய இணையாக விழ வேண்டும், உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருக்கும். பாதம் ரிட்டர்ன் க்ரீஸை (ஸ்டம்புக்குப் பக்கவாட்டில் உள்ள கோடு) தொட்டுவிடக் கூடாது. முன்னால் இருக்கும் இடக்கை உயரே போகும். அந்தக் கைக்கு மேலாகவோ அதன் உட்பக்கமாகவோ பேட்ஸ்மேனைப் பார்க்கலாம். முன்கால் விழும்போது பாதம் பேட்ஸ்மேனையோ, சற்றே ஃபைன் லெக் பக்கத்தையோ பார்க்கட்டும். அந்த அடி ஒரு நீண்ட நடையடி அளவில் இருந்தால் போதும். அளவுக்கு மீறி எட்டி வைத்தால் உடம்பு முன்காலுக்கு மேலே ஏறாது. இடுப்பு பின்தங்கும், கை மட்டும் தனியாக வேலை செய்யும்.

இனிதான் சுழலுக்கான இரண்டாவது இயந்திரம். இடக்கையை வேகமாக இடுப்பருகே இழுங்கள். முன்காலின் பெருவிரல் அடிப்பகுதியில் உடம்பு முழுதும் சுழலட்டும். வலது இடுப்பும் வலது முழங்காலும் பேட்ஸ்மேனை நோக்கி முன்னேறி, எல்லாம் முடிந்து நிற்கும்போது உங்கள் வலது தோள் பேட்ஸ்மேனைப் பார்க்க வேண்டும். ஒரு ஓவர் போட்டபின் க்ரீஸில் போய்ப் பாருங்கள்: முன்கால் விழுந்த இடத்தில் மண் திருகுப்பட்டிருந்தால் சுழன்றிருக்கிறீர்கள். பாதம் அப்படியே பதிந்து, நீளவாக்கில் இழுபட்டிருந்தால் கையால் மட்டும் தள்ளியிருக்கிறீர்கள். தோள்வலி வருகிற லெக் ஸ்பின்னர்களிடம் இந்த இரண்டாவது தடத்தைத்தான் பெரும்பாலும் பார்க்கலாம்.

காற்றில் நடப்பது

பந்து தரையில் திரும்புவதை எல்லோரும் பார்க்கிறார்கள். பேட்ஸ்மேனை ஏமாற்றுவது பெரும்பாலும் அதற்கு முன்னால் காற்றில் நடப்பதுதான். சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். லெக் பிரேக் கீழே இறங்கத் தொடங்கியதும் லெக் திசைக்கு நகரும். தரைபட்டதும் ஆஃப் திசைக்குத் திரும்பும். நகர்வு தாமதமாக, கடைசியில் வருவதற்கும் காரணம் இருக்கிறது: பக்கவாட்டுச் சுழற்சியின் அச்சு பந்து போகும் திசையிலேயே இருப்பதால், பந்து மட்டமாகப் போகும்வரை காற்று அதை ஒன்றும் செய்யாது. அது கீழ்நோக்கி விழ விழத்தான் விசை பிறக்கிறது. தட்டையாக வேகமாகப் போடுபவருக்கு இந்த நகர்வு, அதாவது டிரிஃப்ட், கிடைக்காததன் ரகசியம் இதுவே. டாப் ஸ்பின் கலந்திருந்தால் கூடவே டிப்பும் (சடாரென்று கீழிறங்குவது) சேரும். பேட்ஸ்மேன் எதிர்பார்த்த இடத்துக்கு ஓரடி முன்னாலேயே பந்து விழும்.

1993 ஜூன் 4 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் வார்ன் இங்கிலாந்தின் மைக் கேட்டிங்குக்குப் போட்ட பந்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். திரும்பியதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் அது லெக் ஸ்டம்புக்கு வெளியே நகர்ந்து, கேட்டிங்கின் தலையையும் காலையும் அந்தப் பக்கம் இழுத்துவிட்டது. ஆஃப் ஸ்டம்ப் அப்போதே திறந்துகொண்டது.

எதிர்க்காற்று லெக் ஸ்பின்னருக்கு நண்பன். டிரிஃப்டும் டிப்பும் கூடும். காற்று முதுகில் அடித்தால் இரண்டும் குறையும். கேப்டன் எந்த முனை வேண்டும் என்று கேட்டால் இதை நினைவில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

பந்தைத் தூக்கிப் போடுவது என்றால் வானத்தில் எறிவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து, கையை விட்ட உயரத்திலிருந்து ஒரு சாண் ஏறினாலே சரியான லெங்த்தில் விழுந்துவிடும். பழக்கத்துக்கு, உங்கள் முனையிலிருந்து 4, 5 மீட்டர் தொலைவில், பந்து கையை விடும் உயரத்துக்கே ஒரு கயிறு கட்டுங்கள். கயிற்றுக்கு மேலே போய், லெங்த்தில் விழ வேண்டும். அவ்வளவுதான் ஃப்ளைட்.

எவ்வளவு திரும்பினால் போதும்?

ஒரு சின்னக் கணக்கு. பந்து ஸ்டம்பிலிருந்து 4 மீட்டர் தூரத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாப்பிங் க்ரீஸ் (பேட்ஸ்மேன் நிற்கும் கோடு) ஸ்டம்பிலிருந்து 1.22 மீட்டர். முன்கால் எடுத்து ஆடும் பேட்ஸ்மேனின் மட்டை அதற்கு மேலும் ஒன்றரை மீட்டர் எட்டும். ஆக, பந்து விழுந்த இடத்துக்கும் மட்டைக்கும் நடுவே சுமார் 1.3 மீட்டர். பந்து 5 டிகிரி திரும்பினால் அந்தத் தூரத்தில் 11 சென்டிமீட்டர் விலகும். மட்டையின் அதிகபட்ச அகலம் 10.8 சென்டிமீட்டர். அதாவது, 5 டிகிரியே மட்டையின் முழு அகலம். எட்ஜ் எடுக்க அதில் பாதி போதும்.

ஆனால் அதே பந்து ஒரு மீட்டர் முன்னே, மட்டைக்கு அருகில் விழுந்தால் 3 சென்டிமீட்டர்கூட விலகாது. மட்டையின் நடுவில் பட்டுப் போய்விடும். ஒரு மீட்டர் பின்னே விழுந்தால் பேட்ஸ்மேன் பின்காலில் போய், திரும்பியதைப் பார்த்துவிட்டு அடிப்பார். எனவே லெங்த் என்பது தரையில் எழுதி வைத்த எண் இல்லை. எதிரில் நிற்பவரின் உயரமும் எட்டும் தூரமும் அதை நகர்த்தும். முன்னால் வரவும் மனமில்லாமல், பின்னால் போகவும் நேரமில்லாமல் அவர் தவிக்கும் இடம் எதுவோ அதுவே உங்கள் லெங்த்.

லைனுக்கு, கற்கும் காலத்தில் நடு ஸ்டம்பில் விழுந்து ஆஃப் ஸ்டம்புக்குப் போகும் பந்து. லெக் ஸ்டம்புக்கு வெளியே விழும் பந்தில் எல்பிடபிள்யூ கிடையாது என்பதை மறக்க வேண்டாம். அங்கே போடுவதென்றால் போல்டோ, ஸ்டம்பிங்கோ, ஸ்லிப் கேட்சோதான் வழி. பந்து பெரிதாகத் திரும்பாத ஆடுகளத்தில் அங்கே போடுவது வீண்.

பயிற்சி ஏணி

ஒவ்வொரு படியும் சரியாக வந்தபின் மட்டும் அடுத்ததற்கு ஏறுங்கள்.

1. உட்கார்ந்தபடி வலக்கையிலிருந்து இடக்கைக்குப் பந்தைச் சுழற்றித் தள்ளுங்கள். தினமும் 50 முறை. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், அதற்கு வலை வேண்டாம்.

2. ஒரு துணையோடு 8 மீட்டர் தூரத்தில் எதிரெதிரே நின்று, கையைத் தலைக்கு மேலே சுற்றாமல், கீழிருந்தே சுழற்றிப் போடுங்கள். தரையில் விழுந்து எவ்வளவு திரும்புகிறது என்று மட்டும் பாருங்கள். 30 பந்து.

3. வலது முழங்காலை ஊன்றி, இடது காலை முன்வைத்து, 10 முதல் 12 மீட்டர் தூரத்துக்கு முழுக் கைச் சுற்றோடு போடுங்கள். இப்போது மணிக்கட்டும் தோளும் மட்டும் வேலை செய்யும். கால்களால் தப்பு மறைக்க முடியாது. 24 பந்து.

4. க்ரீஸில் பக்கவாட்டில் நின்று, ஓடாமல், முன்காலில் சுழன்று முடிக்கவும். வலது தோள் எங்கே பார்க்கிறது என்று ஒவ்வொரு பந்துக்கும் நின்று பாருங்கள். 24 பந்து.

5. நான்கு காலடி நடந்து வந்து போடுங்கள். அதன் பிறகே முழு ஓட்டம்.

முழு ஓட்டத்தில் ஒரு நாளைக்கு 36 முதல் 48 பந்து போதும். களைத்த பிறகு போடும் பந்துகளில் மணிக்கட்டு தொங்கிவிடும். அந்தத் தப்பையே கை மனப்பாடம் செய்துகொள்ளும். லெங்த்தில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் விழச் செய்யும் பழக்கத்தை, பந்து ரீங்கரிக்கத் தொடங்கிய பிறகு சேருங்கள். அப்போதுகூட, துண்டில் விழுந்தும் சுழலாத பந்துக்கு மதிப்பெண் பூஜ்யம். சுழன்று துண்டுக்கு வெளியே விழுந்ததற்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தால் மூன்று.

மற்ற பந்துகள்

டாப் ஸ்பின்னரை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். லெக் பிரேக்கிலிருந்து மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் திருப்பினாலே போதும், பேட்ஸ்மேனுக்கு வித்தியாசம் தெரிவதும் கஷ்டம். கும்ப்ளே 619 டெஸ்ட் விக்கெட் எடுத்தது பந்தைப் பெரிதாகத் திருப்பி அல்ல. வேகமும் பவுன்ஸும் கலந்து.

கூக்ளியை 1900-ஐ ஒட்டிய வருடங்களில் கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் போசான்கே. அவர் பெயராலேயே ஆஸ்திரேலியர்கள் அதை 'போசி' என்று அழைத்தார்கள். அதைப் போட, முன்தோளைச் சற்று முன்னதாகத் தாழ்த்தி, கையை இன்னும் உயர்த்தி, புறங்கை பேட்ஸ்மேனைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பி, அதே திருகலைச் செய்யுங்கள். பந்து மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் மேலாகப் பின்பக்கமாக வெளியேறுவதுபோலத் தோன்றும். தொடக்கத்தில் அது நேரே மேலே போகும், அல்லது பக்கத்து வலைக்குள் விழும். பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. கூக்ளி வந்துவிட்ட சந்தோஷத்தில் அதையே போட்டுக்கொண்டிருந்தால், மணிக்கட்டு அந்தக் கோணத்திலேயே குடியேறிவிடும். ஒரு மாதத்தில் லெக் பிரேக் டாப் ஸ்பின்னராக மாறும். பிறகு லெக் பிரேக்கே வராது. முதல் வருடம் 12 பந்துக்கு ஒரு கூக்ளிக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே தொலைத்துவிட்டவர்களுக்கு மருந்து: இரண்டு வாரம் கூக்ளியைத் தொடாமல், தையல் பாயிண்டைப் பார்க்கும்படி மிகைப்படுத்தி லெக் பிரேக் மட்டும் போடுங்கள். படி 2-லிருந்து தொடங்குங்கள்.

ஃப்ளிப்பர், ஆஸ்திரேலியாவின் கிளாரி கிரிம்மெட் உருவாக்கியதாகச் சொல்லப்படும் பந்து. கட்டைவிரலுக்கும் முதல் இரண்டு விரலுக்கும் நடுவே, விரல் சொடுக்குவதுபோலப் பிதுக்கி வெளியே தள்ள வேண்டும். பின்சுழற்சியோடு போய்த் தரையில் வழுக்கித் தாழ்வாக வரும். தசைநாருக்கு வேலை அதிகம். வளரும் வயதில் வேண்டாம். அதில்லாமலே ஒரு நீண்ட வாழ்க்கை நடத்திவிடலாம்.

எங்கே தப்புகிறது

பந்து ஃபுல் டாஸாகப் போனால் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள். இழுபட்டுப் பாதி ஆடுகளத்தில் விழுந்தால் தாமதமாக. இதை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் "சரியான நேரத்தில் விடு" என்பது யாருக்கும் உதவாத அறிவுரை. காரணம் பெரும்பாலும் கையில் இருக்காது. இடக்கை சீக்கிரம் சரிந்து, தலை இடப்பக்கம் விழுந்தால் பந்து குட்டையாகும். முன்கால் முட்டி மடிந்து உட்கார்ந்துவிட்டாலும் அதே கதி. தலை முன்காலுக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் செல்பேசியில் படம் பிடித்துப் பாருங்கள்.

திரும்புகிறது, ஆனால் பவுன்ஸ் இல்லை, மெதுவாக வருகிறது என்றால், விரல்கள் பந்தின் அடியில் வெட்டுகின்றன. கையை உயர்த்தித் தையலை ஸ்லிப் பக்கம் கொண்டுவாருங்கள்.

லைன் இரண்டு பக்கமும் அலைந்தால் முன்கால் விழும் இடத்தைப் பாருங்கள். அது வலப்பக்கம் அதிகமாகக் குறுக்கே விழுந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், கை உடம்பைச் சுற்றி வரவேண்டியிருக்கும். இடப்பக்கம் விலகி விழுந்தால் மார்பு சீக்கிரம் திறந்து சுழற்சி ஒழுகிப்போகும். க்ரீஸில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு அதில் காலை வைத்துப் பழகுங்கள்.

வலையில் திரும்பும் பந்து போட்டியில் திரும்பவில்லை என்ற புலம்பலை அடிக்கடி கேட்கலாம். ஆடுகளத்தின் மேல் பழி போடுவதற்கு முன், போட்டியில் ஒரு சிக்ஸ் வாங்கியபின் உங்கள் வேகம் கூடியதா என்று பாருங்கள். அடி விழுந்ததும் பந்தைத் தட்டையாக்குவது இயல்பான பயம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது எதிர்மாறானது: ஃபீல்டரைப் பின்னால் அனுப்பிவிட்டு, இன்னும் பலமாகச் சுழற்றுங்கள்.

போட்டியில்

தொடக்க ஓவர்களுக்கு ஒரு பாதுகாப்பான ஃபீல்டு: ஸ்லிப், பேக்வர்ட் பாயிண்ட், கவர், டீப் கவர், மிட் ஆஃப், மிட் ஆன், மிட் விக்கெட், டீப் மிட் விக்கெட், ஷார்ட் ஃபைன் லெக். ஸ்லிப்பை எடுக்கச் சொல்லி யார் சொன்னாலும் முதல் இரண்டு ஓவருக்காவது விடாதீர்கள். அவர் நின்றால்தான் நீங்களும் எட்ஜுக்காகச் சுழற்றுவீர்கள்.

புது பேட்ஸ்மேனுக்கு முதல் ஆறு பந்தும் லெக் பிரேக்காகவே இருக்கட்டும், வேகத்தை மட்டும் மாற்றுங்கள். எந்தக் காலில் ஆடுகிறார், மட்டை நேராக வருகிறதா குறுக்கே வருகிறதா என்று அதில் தெரிந்துவிடும். மூன்று, நான்கு லெக் பிரேக்கில் அவர் கவருக்கு டிரைவ் ஆடப் பழகிய பிறகு, கூக்ளியை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போட்டு மட்டைக்கும் காலுக்கும் நடுவே அனுப்புங்கள். இடக்கை பேட்ஸ்மேனுக்கு லெக் பிரேக் உள்ளே வரும். அவருக்கு வெளியே போகும் பந்து உங்கள் கூக்ளி. கால் பதிந்து கரடாகிப்போன இடம் அவருடைய ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே இருந்தால் அதுவே இலக்கு.

பனி விழும் இரவில் பந்து நனைந்து வழுக்கும். நடுவர் பார்வையில் துண்டால் துடைக்கலாம். எச்சில் தடவ விதி இடம் தராது, தரையில் தேய்க்கவும் கூடாது. ஈரப் பந்தில் கூக்ளியைக் குறைத்து, டாப் ஸ்பின்னர் போடுங்கள். பிடி நழுவினாலும் அது ஸ்டம்ப் பக்கமே போகும்.

விரலும் தோளும்

மோதிர விரலின் முதல் மூட்டுப் பக்கத்தில் தையல் உரசி முதலில் சிவக்கும், பிறகு கொப்புளிக்கும், விட்டால் பிளக்கும். சிவந்த அன்றே நிறுத்துங்கள். இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் தோல் தடித்துக் காப்பு கட்டும். ஓய்வில்லாமல் தொடர்ந்தால் பிளந்து இரண்டு வாரம் போகும். காப்பு மேடாக வளர்ந்தால் குளித்தபின் மெல்லத் தேய்த்து மட்டமாக்குங்கள், கிள்ளி எடுக்காதீர்கள். பயிற்சியில் விரலுக்குப் பிளாஸ்திரி ஒட்டலாம். போட்டியில் நடுவரின் அனுமதி இல்லாமல் பந்து வீசும் கையில் பிளாஸ்திரியோ களிம்போ இடக்கூடாது.

தோளுக்கு, பந்தைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம்: கையைப் பெரிய வட்டமாக முன்னும் பின்னும் 15 முறை, ரப்பர் பட்டையைக் கதவுப்பிடியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வெளிப்பக்கம் இழுப்பது 15 முறை, இடுப்பைத் திருப்பும் அசைவு இரண்டு பக்கமும் 10 முறை. பிறகு பாதித் தூரத்தில் 12 பந்து. அடுத்த நாள் காலையில் தோளின் முன்பக்கம் வலித்தால் பந்தின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, முதலில் க்ரீஸில் உங்கள் முன்கால் தடத்தைப் போய்ப் பாருங்கள்.